வால்பாறையில் பொங்கல் லீவு, கையில் 70-300 லென்ஸ்: இருவாச்சி கிடைக்குமா?

பின்சீட்டுப்பயணி:
பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். எஸ்டேட் பங்களா ஒன்றில் அறை கிடைத்துவிட்டது. என்னிடம் இருப்பது கேனான் 200டி, அதோடு ஒரு 70-300. மொட்டை மாடிக்கு வரும் தேன்சிட்டு, மைனா, எப்போதாவது ஒரு வல்லூறு, இவற்றைத்தான் இதுவரை எடுத்திருக்கிறேன். மலை இருவாச்சியை (கிரேட் ஹார்ன்பில்) ஒரு படமாவது உருப்படியாக எடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 300 போதுமா, இல்லை 150-600 வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா? காட்டுக்குள் போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இது பறவைப் பயணம் இல்லை, குடும்பச் சுற்றுலா என்று வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

ரோலிங்ஷட்டர்:
200டியில் சென்சார் சின்னது, 1.6 மடங்குக் கணக்கு, அதனால் உங்கள் 300 அதில் 480 அளவுக்கு இழுக்கும். மலை இருவாச்சி அலகு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர், இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். அதற்கு 300 தாராளம். மாட்டிக்கொள்ளப் போவது சின்னப் பறவைகளிடம்தான். ஈப்பிடிப்பானோ மின்சிட்டோ மரத்து உச்சியில் உட்கார்ந்தால் படத்தில் ஒரு புள்ளியாகத்தான் வரும், அங்கே 600 உதவும். ஆனால் அந்த லென்ஸ் சிக்மாவோ டாம்ரானோ எதுவானாலும் 2 கிலோவுக்கு வந்து நிற்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் சரிவில் நடக்க முடியுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எடுப்பதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்பே வாங்கி மாடியில் காக்காயை வைத்துப் பழகிவிடுங்கள். மலைக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்றால் லீவு அதிலேயே போய்விடும்.

செட்டிங் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமராவில் மொத்தம் 9 ஃபோகஸ் புள்ளிதான், எல்லாவற்றையும் திறந்து வைத்தால் அது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலையைத்தான் பிடிக்கும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1600, ஐஎஸ்ஓ ஆட்டோவில் 3200 வரைக்கும் விடுங்கள். ஜனவரியில் காலை வானம் வெளுத்துக் கிடக்கும், இருவாச்சி உடம்போ கருப்பு. கேமரா வானத்தைப் பார்த்து ஏமாந்து பறவையை நிழலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) கூட்டல் 1, தேவைப்பட்டால் அதற்கும் கொஞ்சம் மேலே. ரா ஃபைலாக எடுங்கள், வீட்டுக்கு வந்து கழுத்தில் உள்ள அந்த மஞ்சளை மீட்டுக்கொள்ளலாம்.

முக்காலி வேண்டாம். ஒரு துணிப்பையில் அரிசியைப் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். கார் ஜன்னலை இறக்கி அதன் மேல் பையை வைத்து லென்ஸைச் சாய்த்தால் ஆடாது. எஞ்சினை மட்டும் அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டுவிடலாம்.

சின்னான்:
பொங்கலுக்குத்தானே போகிறார், அங்கேயே பொங்கிவிடலாம்.

மூடுபனி:
அனுமதி கேட்டீர்கள் இல்லையா, அதிலிருந்து தொடங்குகிறேன். காட்டுக்குள் போகவே வேண்டாம். வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம், புல்மலைப் பக்கமெல்லாம் நினைத்தபடி நுழைய முடியாது, நுழைந்தால் வழக்கு. அதைவிட முக்கியமான விஷயம், உங்கள் பறவை காட்டுக்குள் இருப்பதைவிடக் காட்டு ஓரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அடர்ந்த மழைக்காட்டுக்குள் நின்றால் தலைக்கு மேலே இலைதான், இருட்டுதான், சத்தம் மட்டும் கேட்கும், கழுத்து வலியோடு திரும்புவீர்கள்.

வால்பாறையின் விசேஷமே தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் காடுகள்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிக் காட்டை வெட்டிக் காப்பி, தேயிலை வைத்தார்கள், ஆனால் ஓடைக் கரையிலும் சரிவான இடத்திலும் காடு அங்கங்கே மிஞ்சிவிட்டது. இருவாச்சி ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக வேண்டுமென்றால் தேயிலையின் மேலே திறந்த வெளியில் பறந்தாக வேண்டும். நீங்கள் எஸ்டேட் ரோட்டில், இரண்டு துண்டுக் காட்டுக்கு நடுவில், பள்ளத்தாக்கு தெரிகிற வளைவில் நிற்க வேண்டும். மேலே இருந்து பார்க்கிற மாதிரி இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, பறவை உங்கள் கண்மட்டத்தில் போகும், பின்னணியில் வெள்ளை வானத்துக்குப் பதில் பச்சை மலை இருக்கும். எக்ஸ்போஷர் தொல்லையே பாதி தீர்ந்தது.

வருவதற்கு முன்னால் காது சொல்லிவிடும். கரி எஞ்சின் ரயில் புறப்படுவதைப் போல ஒவ்வோர் இறக்கை வீச்சுக்கும் புஸ், புஸ் என்று ஒரு சத்தம், அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கேட்கும். மற்றப் பறவைகளுக்குப் பெரிய இறகுகளின் அடிப்பக்கத்தைச் சின்ன இறகுகள் மூடியிருக்கும், இருவாச்சிக்கு அந்த மூடாக்கு இல்லை, இடுக்கு வழியாகக் காற்று புகுந்து வருவதுதான் அந்தச் சத்தம். கேட்டதும் கேமராவைக் கண்ணில் வையுங்கள், தேடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாலைந்து முறை இறக்கை அடித்துவிட்டு ஒரு மிதப்பு மிதக்கும், அந்த மிதப்பில் எடுங்கள்.

இன்னொன்று, பழுத்த அத்தி மரம். காட்டு அத்தி பழுத்திருக்கும் மரம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றைய காலையை அங்கேயே கழித்துவிடுங்கள். இருவாச்சி, மலை மைனா, வெண்கன்னக் குக்குறுவான், பச்சைப்புறா, மலை அணில், எல்லாரும் அங்கேதான் வருவார்கள். பூத்த கல்யாண முருங்கை மரமும் அப்படித்தான், ஜனவரி பிப்ரவரியில் இலை உதிர்ந்து சிவப்பாக நிற்கும், இலை மறைப்பும் இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களிடம் எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று கேளுங்கள், நம்மில் யாரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

குடும்பக் கணக்கு எளிது. ஆறரையிலிருந்து ஒன்பது வரை உங்களுடையது, அந்த நேரத்தில் மற்றவர்கள் போர்வைக்குள் இருப்பார்கள். ஒன்பதுக்கு மேல் வெளிச்சமும் கெட்டுவிடும், பறவையும் அடங்கிவிடும், மனசாட்சி உறுத்தாமல் அணைக்கட்டு பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எஸ்டேட்பையன்:
நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். மூடுபனி சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஆறரை மணிக்குத் தனியாக நடந்து போகச் சொல்லாதீர்கள். ராத்திரி தேயிலைக்குள் நின்ற யானை விடிகிற நேரத்தில்தான் காட்டுத்துண்டுக்குத் திரும்பும், பனிமூட்டத்தில் பத்தடிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரியாது. அங்கங்கே கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும், எரிந்தால் பக்கத்தில் யானை என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் வரும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் ஆரம்பித்து வைத்த ஏற்பாடு, உயிர்ச்சேதம் குறைந்ததற்கு அது ஒரு காரணம். முந்தின நாள் ராத்திரியே பங்களா வாட்ச்மேனிடம் யானை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத் தூங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் பிள்ளைகளைத் தேயிலைச் செடி ஓரம் விளையாட விடவே விடாதீர்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு, எங்கள் ஊரில் குழந்தைகளை இழந்த வீடுகள் இருக்கின்றன.

எஸ்டேட் ரோடு எல்லாம் பொது ரோடு இல்லை, கேட் இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். கொழுந்து எடுக்கிற பெண்களை அழகாக இருக்கிறதே என்று கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லென்ஸை நீட்டிக்கொண்டு வளைவில் காரை நிறுத்தினால் இலை லாரி எப்படிப் போகும்?

அப்புறம் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டோரமே வரும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். ரோட்டைக் கடக்க மேலே கயிற்றுப் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டு ஆசை காட்டினால் கீழே இறங்கி வண்டியில் அடிபடும்.

காட்டுவழி:
இப்படியே காத்திருங்கள், அத்தி பழுக்கும், முருங்கை பூக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பாவம் அந்த மனிதர் லீவு முடிந்து வெறும் கையோடு வருவார். வருடத்துக்கு ஒரு லீவு கிடைக்கிறவருக்கு நடைமுறையில் உதவுகிற மாதிரி சொல்வோமே. பின்சீட்டு சார், ஜனவரி கடைசியில் இருவாச்சி கூட்டுக்குத் தயாராகிவிடும், கூட்டு மரம் தெரிந்த கைடுகள் இருக்கிறார்கள். மரத்தடியில் மறைவாக ஒரு மணி நேரம் நின்றால் ஆண் பறவை பழத்தோடு வந்தே ஆக வேண்டும், பக்கத்திலேயே கிடைக்கும். சின்னப் பறவைகளுக்குப் போனில் கூவல் போட்டால் இரண்டு நிமிடத்தில் முன்னால் வந்து உட்காரும். எல்லாரும் செய்வதுதான், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

மூடுபனி:
வந்தே ஆக வேண்டும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பிரச்சினையே அங்கேதான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தன் எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொள்கிறது, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் பாக்கி. மாதக்கணக்கில் உள்ளேதான். உள்ளேயே பெரிய இறகுகளையும் உதிர்த்துவிடும், அந்த நேரத்தில் நினைத்தாலும் பறக்க முடியாது. அதற்கும் குஞ்சுக்கும் சோறு அந்த ஒற்றை ஆண் பறவை தொண்டைக்குள் அடைத்துக் கொண்டுவருகிற அத்திப் பழம்தான். மரத்தடியில் ஆள் நிற்பதைப் பார்த்தால் அது கூட்டுக்கு வராமல் எட்டத்தில் ஒரு மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஒரு மணி நேரம், உங்களுக்கு அடுத்த வண்டி ஒரு மணி நேரம், சனி ஞாயிறு என்றால் நாலு வண்டி. உள்ளே இருப்பது எதைத் தின்னும்? பூசி அடைக்கிற ஆரம்ப நாட்களில் தொந்தரவு செய்தால் அந்தப் பொந்தையே விட்டுவிட்டுப் போகவும் கூடும். அவ்வளவு பெரிய பொந்துள்ள மரம் துண்டுக் காட்டில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மலை இருவாச்சி முதல் பட்டியலில் இருக்கிறது. கைடு கூட்டிக்கொண்டு போனார் என்பது பதில் ஆகாது.

காட்டுவழி:
கூடு விஷயத்தை விடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில் கூவல் போடுகிற பிளேபேக்கை என்னவோ பாவம் மாதிரி பேசுவதுதான் புரியவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களும்தான் கூவலைப் போட்டுப் பறவையைக் கணக்கெடுக்கிறார்கள். சனிக்கிழமை 40 கொண்டை ஊசி வளைவு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற கார்களும், பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிற கூட்டமும் பறவையை ஒன்றும் செய்யாது, என் போனில் பத்து வினாடி ஓடுகிற சத்தம்தான் கெடுத்துவிடும், அப்படித்தானே?

எஸ்டேட்பையன்:
ஹாரனைத் தன் எதிரி என்று பறவை நினைக்காது அண்ணே.

மூடுபனி:
அதேதான். கூவல் கேட்டால் தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது, நாம் அதைப் பார்த்து எவ்வளவு அழகாகப் பாடுகிறது என்கிறோம். ஆராய்ச்சி செய்கிறவர் அனுமதி வாங்கி ஓர் இடத்தில் கணக்காகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நம் ஆட்கள் ஒரே ஓடைக்கரையில் ஒரே ஜோடிக்கு வாரா வாரம் போடுகிறார்கள். அதுவும் எந்தப் பறவைக்கு? நீலகிரிச் சிரிப்பான் நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலைக்கு வந்தால் சிரிப்பான் வேறு இனம். சோலைக்கிளியும் (பெயர்தான் கிளி, சோலைக்காட்டில் வாழும் ஒரு சின்னப் பறவை) அப்படித்தான், கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே இன்னொன்று. ஒரு மலையில் தொலைத்துவிட்டால் பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்பாது. கார் ஹாரனும் கேடுதான், மறுக்கவில்லை. அது இருக்கிறது என்பதற்காக இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

தேயிலைக்கொழுந்து:
நான் நுவரெலியா. உங்கள் சண்டைக்கு நடுவில் எங்கள் பக்கக் கதை ஒன்று. இங்கே டவுனுக்கு நடுவிலேயே விக்டோரியா பார்க் இருக்கிறது, டிக்கட் எடுத்து உள்ளே போனால் ஒரு பக்கத்தில் ஓடை, உண்மையைச் சொன்னால் அழுக்கு ஓடை, குப்பையும் மிதக்கும். குளிர்காலத்தில் காஷ்மீரிலிருந்து வருகிற காஷ்மீர் ஈப்பிடிப்பானும், வெள்ளைப் புருவத்தோடு கருப்பும் வெள்ளையுமாக இருக்கும் பைட் த்ரஷ் என்கிற பறவையும் அந்த ஓடைக்கரைக்குத்தான் வரும். உலகத்து நாலா பக்கமும் இருந்து ஆட்கள் பெரிய பெரிய கமராக்களோடு வந்து அந்தக் குப்பை ஓடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அசையாமல் நின்றவர்களுக்குத்தான் படம் கிடைத்திருக்கிறது. த்ரஷ் சருகைப் புரட்டிப் புரட்டித் தின்னும், பின்னேரம் வெளிச்சம் குறையக் குறைய இன்னும் வெளியில் வரும், ஆள் நடமாடினால் மட்டும் புதருக்குள் போய்விடும். ஒரே இடத்தில் குந்தியிருந்தால் அதுவே நடந்து நடந்து கிட்ட வந்து, கடைசியில் லென்ஸால் ஃபோகஸ் பண்ண முடியாத அளவுக்குக் கிட்ட வரும்.

ஹோர்ட்டன் சமவெளியிலும் அப்படித்தான், அரெங்கா பூல் என்கிற சின்னக் குளத்தடியில் விடிய முன்னம் போய் நிற்பார்கள். இலங்கைச் சீழ்க்கைப் பறவை வந்தால் வரும், வராவிட்டால் மஞ்சள் காதுச் சின்னானைப் படம் எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். அண்ணாவுக்கு நான் சொல்வது, மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வயசானவர்களுக்குத்தான் தெரியும், எங்கள் அம்மா என்னைவிட அதிகம் பறவை பார்த்திருக்கிறார்.

சின்னான்:
ஐந்து பேரில் மாமியாருக்கு மட்டும்தான் இருவாச்சி தெரியப் போகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலிங்ஷட்டர்:
ஒன்று விட்டுப்போனது. அங்கே ஜனவரியில் விடியற்காலை நல்ல குளிர் இருக்கும். பனியும் ஈரமும் நிறைந்த குளிரிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு ஹீட்டர் போட்ட சூடான அறைக்குள் நுழையும்போது கண்ணாடியில் வேர்த்துவிடும். உள்ளே வருமுன் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடி, ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தால் கோட்டிங்தான் கெடும். பனிமூட்டம் அடர்த்தியாக இருக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், அப்போது பறவையின் கண்ணுக்குப் பதிலாகக் கருப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தில் புள்ளியை வையுங்கள், பிடித்துக்கொள்ளும்.

பின்சீட்டுப்பயணி:
எல்லாருக்கும் நன்றி, நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். 150-600 எடுக்கவில்லை. அரிசிப் பை பிரமாதம். முதல் நாள் வாட்ச்மேன் வெளியே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கீழ் ரோட்டில் நிஜமாகவே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பங்களாத் தோட்டத்திலேயே உட்கார்ந்தேன். சிவப்பு மீசைச் சின்னான், மரங்கொத்தி, ஆரஞ்சு மின்சிட்டு ஜோடி, வாலை ஆட்டிக்கொண்டே படிக்கட்டில் நடந்த சாம்பல் வாலாட்டி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீலமும் கருப்புமாக ஒரு சீழ்க்கைப் பறவை, விடியலில் யாரோ பையன் விசிலடித்துக்கொண்டு போகிறான் என்றே மாமியார் நினைத்தார்.

இருவாச்சி அப்புறம் பார்த்தோம். பிள்ளையார் கோயில் தாண்டி ஒரு வளைவு, எதிரே காடு, மாமியார் காருக்குள்ளேயே இருந்தார், அவர்தான் சத்தத்தை முதலில் கேட்டார். (சின்னான், உங்கள் வாய் முகூர்த்தம்.) ஜோடியாகக் கடந்தது. 23 படம் அடித்ததில் இரண்டு தேறும். ஒன்றை இணைத்திருக்கிறேன், குறை சொல்லுங்கள். எடுத்த இடத்தை வேண்டுமென்றே எழுதவில்லை, ஃபைலில் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிட்டேன், கேட்காதீர்கள்.

மூடுபனி:
அருமை. கண் சிவப்பாகத் தெரிகிறது, அப்படியானால் முன்னால் போவது ஆண், பெண்ணுக்கு வெள்ளைக் கண். இறக்கை கீழே இறங்கும் நொடியில் எடுத்திருக்கிறீர்கள், வெள்ளைப் பட்டைகள் இரண்டும் விரிந்து தெரிகின்றன. கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டீர்கள், பறவைக்கு முன்னால் போக இடம் விடுங்கள். பின்னாலே இருக்கிற காட்டையும் தேயிலையையும் சேர்த்து வைத்தால் வால்பாறை என்று பார்த்ததும் தெரியும். இப்போது எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம்.

காட்டுவழி:
நல்ல படம் சார். வாழ்த்துகள். நாய்ஸ் (படத்தில் பொரி பொரியாக விழும் புள்ளிகள்) நீக்குகிற மென்பொருளைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம், கழுத்து இறகெல்லாம் வழித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ரோலிங்ஷட்டர்:
ஆமாம், பாதியாகக் குறையுங்கள். கண்ணும் அலகும் கூர்மையாக இருந்தால் உடம்பில் கொஞ்சம் பொரி இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பின்சீட்டுப்பயணி:
குறைத்து, அகலமாக வெட்டி மறுபடி போடுகிறேன். இன்னொரு சந்தேகம், லென்ஸுக்குள் முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, துடைத்தால் போகவில்லை. போகும் முன்பே இருந்ததா என்று கவனிக்கவில்லை.

ரோலிங்ஷட்டர்:
பூஞ்சை. இந்தப் பயணத்தில் வந்ததாக இருக்காது, அதற்குள் வளராது, பழசு. அந்த லென்ஸை மற்ற லென்ஸ் இருக்கும் பையில் சேர்த்து வைக்காதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தில் தெரியாது, நடுவுக்குப் பரவியிருந்தால் சர்வீஸில் பிரித்துத் துடைப்பார்கள், கோட்டிங்கைத் தின்றிருந்தால் தடம் நிற்கும். டிரை கேபினட் வாங்க வேண்டியதில்லை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர். 45 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து மறுபடி போடலாம், சமைக்கிற வாணலியில் வேண்டாம்.

தேயிலைக்கொழுந்து:
இந்த ஊர்க் குளிரில் எங்களுக்கு வருடம் பூராவும் அந்த டப்பாதான். மாமியாருக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள் அண்ணா, 8x42.